அசையும் பொருள்

மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பிரெஞ்சு மொழியில் ‘மெபிள்’ என்று ஒரு சொல் உண்டு. ஜெர்மானியர் ‘மேபல்’ என்பார்கள். அசையக்கூடியது என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் வேர். நம் சட்டத்தமிழும் சொத்தை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பிரிக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இது வெறும் வகைப்பாடு. ஒரு குடும்பத்தில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் வைத்துப் பார்த்தால் இதே பிரிவு வேறு மாதிரி தெரியும். வயல், கிணறு, வீடு, வீட்டுமனை அண்ணனுக்கு. நகை, பாத்திரம், கட்டில், பீரோ தங்கைக்கு. அசையாதது ஆணிடம் நின்றது. அசைவது பெண்ணோடு போனது. போன இடத்தில் அது அவளுடையதாகவே இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

அந்த அசையும் பொருள்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கீழே கதவு வைத்த இடுப்பளவு அலமாரி. அதன்மேல் அதே அகலத்தில், ஆழம் குறைந்த திறந்த தட்டுகள். ஆங்கிலத்தில் கீழ்ப்பகுதி ‘சைட்போர்டு’, மேற்பகுதி ‘ஹட்ச்’. நம் வீடுகளில் இந்த ஜோடிக்குக் ‘குரோக்கரி அலமாரி’ என்றோ ‘ஷோகேஸ்’ என்றோ பெயர். பெரம்பலூரில் என் வீட்டுக்கு இப்படி ஒன்றை நானே வரைந்து செய்துகொள்ள நினைத்தேன். உயரம் எவ்வளவு, பூட்டு வேண்டுமா, சுவரில் பதிப்பதா தனியே நிறுத்துவதா, பில் யார் பெயரில் என்று கேள்விகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருந்தது.

அலமாரி வருவதற்கு முன் நம் வீட்டுப் பொருள்கள் எங்கே இருந்தன? தயிரும் வெண்ணெயும் உறியில். நெல் குதிரில். புளியும் பருப்பும் அடுக்குப் பானையில். விளக்கு மாடக்குழியில். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்கள் பரணில். கடுகும் மிளகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில். இவற்றில் பாதி வீட்டின் உடம்போடு சேர்ந்தவை. மாமியாரின் கை பழகிய இடங்கள் அவை. புதிதாக வந்த மருமகளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி. என் அம்மாயிக்கும் அப்படி ஒரு மரப்பெட்டி இருந்தது. நாலு புடவை, பிள்ளைகளின் முதல் முடி முடிந்த துணி, ஒரு கொத்து மயிலிறகு, சில்லறைக் காசு. அறுபது வருடம் அந்த வீட்டில் சமைத்தவளுக்குத் தன்னது என்று சொல்லிக்கொள்ள இரண்டடி நீளத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது. அதைத் திறக்கவும் ஒவ்வொரு முறையும் அவள் தரையில் உட்கார வேண்டும்.

நின்றபடி திறக்கும் மரச்சாமான் நமக்குக் கடல்வழி வந்தது. அதன் பெயர்களே சாட்சி. ‘அலமாரி’ போர்ச்சுகீசியரின் ‘அர்மாரியு’. ‘மேசை’யும் அவர்களுடையது. ‘ஜன்னல்’ அவர்களுடையது. ‘சாவி’யும் அவர்களுடையதுதான். ‘பீரோ’ பிரெஞ்சுக்காரரின் எழுது மேசை. நம்மிடம் வந்து துணியும் நகையும் வைக்கும் இடமாகிவிட்டது. திறவுகோலும் தாழ்ப்பாளும் நமக்கு முன்பே இருந்தவைதாம். ஆனால் வீட்டுக்குள், சமையல் சாமானுக்கும் துணிமணிக்கும் தனித்தனிப் பூட்டு என்ற பழக்கம் அலமாரியோடுதான் பரவலாக வந்தது. சேலைத் தலைப்பில் முடிந்த சாவிக்கொத்து பெண்ணின் அதிகாரச் சின்னமாக மாறியது.

அந்த அதிகாரம் யார்மேல் செலுத்தப்பட்டது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து எழுதிய ‘தி கம்ப்ளீட் இந்தியன் ஹவுஸ்கீப்பர் அண்ட் குக்’ என்ற நூல் 1880களின் இறுதியில் வந்தது. இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய மனைவிமாருக்கான கையேடு அது. சாமான் அறையைப் பூட்டி வை, அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து கொடு என்பது அதன் பாடங்களில் ஒன்று. நம் பண்ணை வீட்டு அம்மாக்களுக்கு இந்தப் பாடத்தைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாவி வைத்திருந்த பெண்ணுக்கும் முற்றத்தில் நின்று நெல்லை அளந்து வாங்கிய பெண்ணுக்கும் நடுவே சாதியும் கூலியும் இருந்தன. வீட்டுக்குள் கணவனிடம் கணக்குச் சொல்ல வேண்டியவள், வாசலில் வேலைக்காரியிடம் கணக்குக் கேட்டாள். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் அலமாரியின் வரலாற்றை எழுத முடியும்.

ஐரோப்பாவிலும் கதை பெட்டியில்தான் தொடங்குகிறது. ‘ஹட்ச்’ என்ற சொல் முதலில் குறித்தது தரையில் வைக்கும் மூடி போட்ட பெட்டியை. காலப்போக்கில் அது கால் முளைத்து நின்றது, கதவு வாங்கியது, மேலே தட்டு ஏற்றுக்கொண்டது. வேல்ஸ் நாட்டுக் கிராம வீடுகளில் கீழே இழுப்பறையும் மேலே தட்டு வரிசையுமாக நிற்கும் ‘டிரெஸ்ஸர்’ வீட்டின் பெருமையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், நியூ காசில் என்ற ஊரில் செய்யப்பட்ட ‘ஹூசியர்’ அலமாரி இந்த ஜோடி வடிவத்தைச் சமையலறை இயந்திரமாகவே மாற்றியது. மேலே சலிப்பான் பொருத்திய மாவுத்தொட்டி, மசாலா சீசாக்களுக்கு அளவெடுத்த இடம், நடுவில் வெளியே இழுத்து வேலை செய்யும் உலோகப் பலகை. இல்லத்தரசியின் நடையை மிச்சப்படுத்தும் என்று சொல்லி அதை விற்றார்கள்.

நடையை எண்ணும் இந்தச் சிந்தனை தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளந்த டெய்லரின் முறையைக் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் வீட்டுவேலைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘தி நியூ ஹவுஸ்கீப்பிங்’ 1913இல் வெளியானது. அதை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்தவர்களில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் அவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி, சுவரிலிருந்து இறங்கும் இஸ்திரிப் பலகை, பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. சமைக்கும் பெண்ணின் உடம்பை வைத்து ஒரு அறையின் அளவைத் தீர்மானிப்பது அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அதற்குமுன் நடந்ததில்லை. இன்றைக்கு நாம் ‘மாடுலர் கிச்சன்’ என்று சொல்வதன் பாட்டி அதுதான். 1970களில் பெண்ணியவாதிகள் அதை வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அறையில் உதவிக்கு வரும் கணவனுக்கு இடமில்லை. பெண்ணின் வேலை குறைந்தது, ஆனால் அந்த வேலை அவளுடையதுதான் என்பது சுவரில் எழுதிவைத்த மாதிரி உறுதியானது என்றார்கள். இரண்டு பார்வையும் எனக்குச் சரியென்றே படுகிறது. அளவில் பெண் இருந்தாள். உடைமையில் இருந்தாளா என்ற கேள்வி அங்கும் மிச்சமிருந்தது.

அளவும் உடைமையும் ஒரு பெண்ணின் பெயரில் சேர்ந்து எழுதப்பட்ட ஒரு சான்று நமக்குப் பக்கத்திலேயே, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் அக்கா குந்தவை, அரசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளும் நகைகளும் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. உமாபரமேசுவரியின் திருமேனி இத்தனை விரல் உயரம், பீடம் இத்தனை விரல், நகையில் இத்தனை கழஞ்சு பொன், இத்தனை முத்து என்று எண்ணி எண்ணி வெட்டியிருக்கிறார்கள். தன் தந்தை பொன்மாளிகைத் துஞ்சிய தேவருக்கும் தாய்க்கும் அவர் எடுத்த படிமங்களும் அதில் அடக்கம். அசையும் பொருள்தான். ஆனால் கொடுத்தவள் யார், கொடுத்தது எது, அதன் அளவு என்ன என்பது கல்லில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் யாரும் மறுக்க முடியாது.

அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் வேறொரு பட்டியல் இருக்கிறது. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்த வரிசையில் அவள் வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கு. குந்தவை பட்டியல் போட்டாள்; இவர்கள் பட்டியலில் போடப்பட்டார்கள். ஒரே காலம், ஒரே கோயில், எல்லாரும் பெண்கள். பட்டியலை எழுதும் கை யாருடையது என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரிய இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும்.

இனி நம் காலத்துச் சீர்வரிசைக்கு வருவோம். கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் ‘பீரோ’ என்றாலே இரும்பு பீரோ என்றாயிற்று. கட்டில், மெத்தை, பீரோ, பித்தளைக் குடம், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் ‘குட்டி யானை’ வண்டியில் ஏறி ஊர் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். பீரோ கண்ணாடியில் தெருவே ஆடிக்கொண்டு போவதைப் பார்க்காத தமிழ்ப் பெண் யாரும் இருக்க முடியாது. அசையும் பொருள் அசைந்து போகும் காட்சி அதுதான். அது ஒருவழிப் பயணம் என்பது மட்டும் அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், ஒரு பெண்ணின் கையில் உள்ள சொத்து, திருமணத்தின்போதோ அதற்கு முன்னும் பின்னுமோ பரிசாக வந்தது உட்பட, முழுமையாக அவளுக்கே உரியது என்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதன்கீழ் 1985இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமகளுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட வேண்டும் என்கின்றன. பொருள் இன்னது, ஏறத்தாழ மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், அவர் என்ன உறவு. மணமகனும் மணமகளும் அதில் கையெழுத்திட வேண்டும்; மணமகளின் பட்டியல் மணமகளிடமே இருக்க வேண்டும். அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பழைய வாதத்தைத் தள்ளுபடி செய்தது. புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டாலே பெண்ணின் சீதனம் இருவருக்கும் பொதுவாகிவிடும் என்பது அந்த வாதம். இல்லை, அது அவளுடையது. கணவன் வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. கேட்டும் திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்ற குற்றமாகும் என்றது தீர்ப்பு.

அசையாச் சொத்துக்கான பாதை இன்னும் நீண்டது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வந்தது 1989இல், அதுவும் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டு. அகில இந்திய அளவில் 2005. இந்த இடைவெளி முழுவதும் பெற்றவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: ‘அவளுக்குத்தான் சீர் செஞ்சிட்டோமே.’ அதாவது, நிலத்துக்கு ஈடு பீரோ. அசையாததற்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட அந்த அசையும் பொருளாவது அவளிடம் இருக்கிறதா என்று எத்தனை குடும்பம் திரும்பிப் பார்த்தது?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, திருமணமான மூன்றாம் வருடம் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகக் கல்லூரிக்கு வந்திருந்தாள்.

“உன் சாமானெல்லாம் கேட்டு வாங்கினியாம்மா?” என்றேன்.

“நகையில பாதி கெடச்சுது மேடம். அப்பா காசுல அவங்க வீட்டுக்குக் கிச்சன் போட்டுக் குடுத்தாங்க இல்ல, அத என்னன்னு கேக்குறது? செவத்துல பதிச்சதாச்சே.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் என் கேள்விக்கான விடை அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. அசையும் பொருள் எப்போது அசையாததாகிறது? சுவரில் பதிக்கும்போது. சுவர் யாருடையதோ, பொருளும் அவருடையதாகிவிடுகிறது. பட்டியல், கையெழுத்து, தீர்ப்பு எல்லாவற்றையும் நாலு ஆணி தாண்டிவிடுகிறது.

இந்த மாற்றத்தை எங்கள் பகுதியில் இருந்துகொண்டு பார்ப்பது விசேஷமானது. ஒரு காலத்தில் ஒரே திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறுபடி இணைந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூரும் தழுதாழையும் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவை. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே துண்டில் உருவத்தைக் கடைந்தெடுக்கும் வேலை அது. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரியலூர்ப் பக்கமோ சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகளின் ஊர். ஒரு மாவட்டம் மரம், அடுத்த மாவட்டம் சிமெண்ட்.

மரத்தின் பக்கத்தை முதலில் பார்க்கலாம். சிற்ப மரபில் அளவு மிகவும் கறாரானது. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று கொண்டு உருவத்தைப் பகுப்பார்கள். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். இந்த அங்குலம் நம் டேப்பில் உள்ள அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தையே பகுத்து வருவது. தேவிக்கு நாலு அங்குலம் குறைவு என்பதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவிக்கென்று ஒரு அளவை மரபு யோசித்து வைத்திருக்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாண், முழம், அடி எல்லாம் உடம்பிலிருந்து வந்த அளவைகள்தாம். அது கட்டுகிறவனின் உடம்பு, கட்டச் சொல்கிறவனின் உடம்பு. நான் போய்ப் பார்த்த ஒரு பட்டறையில் பெண்கள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மன் சிலையின் கன்னம் வழவழப்பானது அவர்கள் கையில். உளியும் அளவுகோலும் ஆண்கள் பக்கம் இருந்தன.

சிமெண்டின் பக்கம் வேறு கதை. காரை வீடு பரவியபோது சுவரிலேயே கடப்பாக் கல் தட்டு வந்தது. தலைக்கு மேலே கான்கிரீட் ‘லாஃப்ட்’ வந்தது. பரணின் புது அவதாரம் அது. ஏழடி உயரத்தில், முக்காலி போட்டாலும் எட்டாத இடம். கரையான் அரிக்காது, விலை குறைவு, ஒருமுறை கட்டினால் போதும் என்று எல்லாருக்கும் பிடித்துப்போனது. பிறகு அந்தக் கல் தட்டுகளுக்குக் கதவு போட்டார்கள். அதற்கும் பிறகு மாடுலர் கிச்சன் வந்தது. சீர்வரிசைப் பட்டியலில் பீரோ இருந்த இடத்தில் ‘கிச்சன் வேலை’, ‘வார்ட்ரோப் வேலை’ வந்தது. பெண் வீட்டுப் பணம் மாப்பிள்ளை வீட்டுச் சுவருக்குள் போயிற்று. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையானது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். மரம் கல்லாக அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்குள் ஆகிவிட்டது.

ஆகவே என் அலமாரியை வரைய உட்கார்ந்தபோது மூன்று விஷயங்களை முடிவு செய்துகொண்டேன். அது என் உடம்பின் அளவில் இருக்க வேண்டும். சுவருக்குச் சொந்தமாகக் கூடாது. பட்டியலில் என் பெயரில் நிற்க வேண்டும்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். நேராக நின்று முழங்கையை மடித்தால் தரையிலிருந்து முழங்கை வரை 38 அங்குலம். நின்று வேலை செய்யும் பலகை முழங்கைக்கு மூன்று நாலு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. எனவே கீழ் அலமாரியின் உயரம் 34 அங்குலம். அதில் கால் மட்டும் ஐந்து அங்குலம். துடைப்பம் உள்ளே போக வேண்டும் என்பதை வீடு பெருக்குகிறவள்தான் யோசிப்பாள். ஆழம் 18 அங்குலம். அதற்கு மேல் ஆழம் வைத்தால் பின்வரிசைப் பாத்திரத்துக்குத் தலையை உள்ளே விட வேண்டியிருக்கும். மேல் அடுக்கின் ஆழம் 11 அங்குலம். ஒரு தட்டு படுக்கவும் ஒரு சொம்பு நிற்கவும் அது போதும். மீதி ஏழு அங்குலம் முன்னால் வேலை செய்ய இடமாகிறது. பலகைக்கும் முதல் தட்டுக்கும் நடுவே 16 அங்குலம் விட்டால் மிக்ஸி ஜாடி நிற்கும். கடைசித் தட்டு 64 அங்குலத்தில். குதிகால் தூக்காமல் பொருளைப் பிடித்து எடுக்க என்னால் முடிந்த உயரம் அதுதான். மொத்த உயரம் 74 அங்குலத்தில் முடிகிறது.

இரண்டும் ஜோடியாகத் தெரிய வேண்டும் என்பது இந்த வடிவத்தின் இலக்கணம். அதற்குச் செதுக்கல் வேலை தேவையில்லை. கோடு ஒத்துப்போனால் போதும். அகலம் 48 அங்குலம். கீழே 16 அங்குலத்தில் மூன்று கதவு. மேலே அதே இடங்களில் நிற்கும் இரண்டு நடுச்சட்டம், மூன்று கண்ணறை. கீழ்ச்சட்டத்தின் அகலமும் மேல்சட்டத்தின் அகலமும் ஒன்றாக இருந்தால், ஆழம் மாறினாலும் கண் இரண்டையும் ஒரே சாமானாகப் பார்க்கும். ஒரே மரத்தில் அறுத்த பலகைகளைக் கதவுகளுக்கு வரிசையாகப் போட்டால் மரத்தின் ரேகை மூன்று கதவிலும் தொடர்ந்து ஓடும். கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் பசை போடாமல் விட வேண்டும். மரம் நீளவாட்டில் அசையாது; அகலவாட்டில் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். பசை போட்டு இறுக்கினால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கே பலகை வெடித்துவிடும்.

இவ்வளவையும் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டு ஆசாரியிடம் போனேன். தாளைப் பார்த்துவிட்டு, “சார் ஒரு வாட்டி வந்து பாத்துட்டாருன்னா அறுத்துடலாம்மா” என்றார்.

“சார் இதுல சமைக்கப் போறது இல்லண்ணே. நான்தான் நிக்கப் போறேன். என்னை அளந்துக்கங்க” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு டேப்பை எடுத்தார். தரையிலிருந்து என் முழங்கை வரை அளந்தார். “ஆமாம்மா, எல்லாருக்கும் மூணடின்னே போட்டுப் பழகிட்டோம்” என்றார். நல்ல வேலைக்காரர். யாரும் கேட்காததால் அவரும் யாரையும் அளந்ததில்லை.

இரண்டாவது முடிவு, சுவருக்குச் சொந்தமாகக் கூடாது என்பது. இங்கேதான் சைட்போர்டும் ஹட்சும் தனித்தனியாக இருப்பதன் அருமை தெரிகிறது. மேல் அடுக்கை ஆணி அடித்துப் பூட்டுவதில்லை. கீழ்ப் பலகையின் மேல் இரண்டு மரமுளை. மேல் அடுக்கின் அடியில் அவை உட்காரும் துளை. பின்பக்கம் இரண்டு திருகாணி. முன்னால் சாயாமலிருக்கச் சுவரோடு ஒரே ஒரு பட்டை. மூன்றையும் கழற்ற ஒரு திருப்புளி போதும். கதவுகளைக் கழற்றிவிட்டால் மேல் அடுக்கை இரண்டு பெண்கள் தூக்கலாம். கீழ் அலமாரியையும் தூக்கலாம். 18 அங்குல ஆழம், இரண்டரை அடி உள்கதவில் சிரமமில்லாமல் வெளியே வரும். ‘எதுக்கும்மா கழட்டுற மாதிரி? காலத்துக்கும் இங்கதான இருக்கப் போவுது?’ என்று ஆசாரி கேட்டார். இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் நான் போகும் இடத்துக்கு அது வர முடியும் என்பதும் அதன் வடிவத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியல். மரத்துக்கான பில்லும் கூலிக்கான ரசீதும் என் பெயரில் வாங்கினேன். வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபம் இல்லாத நாளில்தான் இதையெல்லாம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவும் திறக்கும் அலமாரி அது. அவருக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் என் அளவு அவருக்கும் பொருந்துகிறது. அவர் வீட்டுத் தட்டு என்ன உயரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். ‘தட்டு எங்கம்மா இருக்கு, எல்லாம் கீழதான்’ என்றார். அளவு என்ற உரிமைக்கு முன்னால் இன்னொரு உரிமை இருப்பதை அந்தப் பதில் ஞாபகப்படுத்துகிறது. சொந்தமாக ஒரு சுவரே இல்லாதவர்களிடம் அசையும் பொருள், அசையாப் பொருள் என்று நான் எந்தப் பிரிவைப் பேசுவது? பெண்களுக்கு மனைப்பட்டா என்ற கோரிக்கையும் இந்த அலமாரியும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தாளில் நாலு பத்தி போடுங்கள். உங்கள் அம்மா தினமும் தொடும் சாமான்களை முதல் பத்தியில் எழுதுங்கள். அது யார் காசில் வந்தது, பில் யார் பெயரில் இருக்கிறது என்பதை இரண்டாம் பத்தியில். அம்மாவின் கை அதற்கு எட்டுகிறதா, குனியாமல் எடுக்க முடிகிறதா என்பதை மூன்றாவதில். டேப் வைத்து அளந்து, எண்ணாகவே எழுதுங்கள். நாளைக்கே அவர் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றால் அதைக் கையோடு கொண்டுபோக முடியுமா என்பது நாலாம் பத்தி. அம்மாவிடம் கேட்டுக்கேட்டு எழுதுங்கள். நாலாம் பத்தியை எழுதும்போது அம்மா முதலில் சிரிப்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு பரணில் கிடக்கும் ஒரு பாத்திரத்தையோ, எப்போதோ விற்றுப்போன ஒரு கட்டிலையோ பற்றிச் சொல்லத் தொடங்குவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி போட்டு, அடியில் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.